எல்லாரும் இறங்கியாச்சா?

குரலாலேயே குசலம் விசாரித்துக் குடும்பங்களை மலையேற்றியவரே! முகம் பாராமலே ஊரின் முக்கால்வாசிப் பேரை அறிந்தவரே! வெண்சாரல் விடுதியின் தியாகராய நகர் முன்பதிவு அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தொலைபேசிக்கு உயிரூட்டி, இன்று பணி நிறைவு பெறும் மயிலை கோமளம் அம்மையாரே! உங்களோடு உழைத்தவர்கள் வணங்கி வாசிக்கும் மடல் இது.

பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம், பேச்சு அறவே வேண்டாம் என்றீர்கள். முதல் இரண்டுக்கும் கட்டுப்பட்டோம். மூன்றாவதை மன்னியுங்கள்.

ஏலகிரிக்குப் பாதை போட்ட சூட்டோடு, ஓட்டுக் கூரையும் ஒற்றை வராந்தாவுமாக எழுந்தது நம் விடுதி. நீங்கள் சேர்ந்த காலத்தில் வந்தவர்கள் புதுமணத் தம்பதியரும், இருமலுக்கு மலைக்காற்று தேடியவர்களும்தான். பிறகு ஊட்டியும் கொடைக்கானலும் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டில்கள் காலியாய்க் கிடக்க, முதலாளி விடுதியை விற்க விலை பேசினார். அப்போது நம் எல்லோருடைய சோற்றையும் காப்பாற்றியவர் வேன் ஓட்டுநர் கதிரேசன்.

கோட்டூர்புரம் ஆற்றோரத்துக்காரரான அவர், தம் சைக்கிளை வேன் கூரையில் கட்டிக்கொண்டு போய், ஓய்வு கிடைத்தால் கொண்டை ஊசி வளைவுகளில் வழுக்கிக்கொண்டு இறங்குவார். பார்த்த விருந்தினர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கியர் வைத்த, தடித்த டயர் சைக்கிள்கள் நாலைந்து வந்தன. நாளடைவில் கொட்டகை போதவில்லை. கதிரேசன் காட்டுத்தடம் வகுத்தார், பந்தயம் நடத்தினார். சனிக்கிழமைதோறும் ஜோலார்பேட்டை ரயிலில் அடையாற்றுக் கல்லூரிக் கூட்டம் அலைமோதியது.

சைக்கிளில் மலையிறங்கும் கூட்டம் அடிவாரம் சேர்ந்ததும், எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர்களில் ஒருவராவது உங்களிடம் பேச வேண்டும் என்பது நீங்கள் வைத்த வழக்கம். "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலுவலகத்தைப் பூட்டுவீர்கள்.

"இன்னா மாமி, நாங்க இன்னா எல்.கே.ஜி. புள்ளைங்களா?" என்று கதிரேசன் கேலி செய்வார்.

"எல்.கே.ஜி. கொழந்தைகளாவது சொன்னாக் கேக்கறதுகள், கதிரேசா!" என்பீர்கள். இந்த அறையே சிரிக்கும்.

தொண்ணூற்றைந்து, ஐப்பசி மழை. அன்று பேசியவர் ஒரு வாடிக்கையாளர். "எல்லாரும் இறங்கியாச்சு மேடம்" என்றார். ஜன்னலைச் சாத்திவிட்டு நீங்கள் மயிலாப்பூர் பஸ் ஏறினீர்கள்.

அந்த 'எல்லாரும்' என்பதில் கதிரேசன் இல்லை. யாரும் பின்தங்கிவிடக் கூடாதென்று எப்போதும் கடைசியில் வருகிறவரை, யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் விடுதிக்குத் திரும்பிவிட்டார் என்று இறங்கி வந்தவர்கள் நினைத்தார்கள். கூட்டத்தோடு ரயிலேறிவிட்டார் என்று விடுதியில் நினைத்தார்கள். மறுநாள் காலை அவர் மனைவி மணிமொழி இந்தப் படியேறி வந்து, "அம்மா, அவரு இன்னும் ஊட்டுக்கு வர்லியே" என்றபோதுதான் தேடினோம். வளைவுக்குக் கீழே, மழையில், சைக்கிளுக்குப் பக்கத்தில் உயிரற்றுக் கிடந்தார்.

அதன்பின் வழக்கம் மாறியது. மலையிறங்கிய ஒவ்வொருவரும் தம் பெயரைத் தம் வாயால் சொல்ல வேண்டும். நம் ஊழியர் கடைசியில் பேச வேண்டும். பூத்தில் வரிசை நீண்டது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முதலாளி முகம் சுளித்தார். நீங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் குரல் வரும்வரை காத்திருந்தீர்கள். அன்றுமுதல் ஒருவர்கூட மலையில் விடுபடவில்லை, தாயே!

முதலாளியிடம் போராடி மணிமொழிக்கு இங்கே வேலை வாங்கித் தந்தீர்கள். எதிரெதிர் மேசை. ஆனாலும் நாலு வருடமாகக் கதிரேசன் பெயர் உங்கள் இருவருக்கும் நடுவே எழுந்ததே இல்லை. நீங்கள் தலை நிமிராமல் வேலை பார்த்தீர்கள்.

மடலில் என்ன எழுதலாம் என்று மேலாளர் சுப்புராயன் எல்லோரையும் கேட்டார். ஆளுக்கொரு அடைமொழி சொன்னோம். மணிமொழி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறோம்:

"அம்மா மேல இன்னா தப்பு கீது சார்? போன்ல ஒருத்தன் சொன்னான், இவங்க நம்புனாங்க. நாலு வருசமா என் மூஞ்சியப் பாக்காமயே டீ குடிச்சிக்கினு கீறாங்க. எனக்கு அவங்க மேல கோவமே இல்ல. நா சொன்னா அழுதுருவேன். நீயே மைக்குல படி சார்."

படித்துவிட்டோம், அம்மா. தலை நிமிர்ந்து ஒருமுறை எதிர் மேசையைப் பாருங்கள்.

நோயின்றி, நோவின்றி, கபாலீசுவரர் கருணையால் நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும். இனி இந்த நாற்காலியில் மணிமொழி உட்காருவார். அவர் விதிக்கும் முதல் நிபந்தனை உங்களுக்குத்தான். இன்று வீடு சேர்ந்ததும் தொலைபேசியை எடுங்கள். உங்கள் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை இந்த அலுவலகத்தைப் பூட்ட மாட்டோம்.

காத்திருக்கும்,
வெண்சாரல் விடுதி ஊழியர்கள்
தியாகராய நகர், மே 1999