மெழுகுவத்தி என் வேலை

முதலில் அந்த இரண்டு பாட்டில்களையும் ஜன்னலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஐயா. வெயில் நேராக விழுகிறது. நிறுத்தி வைக்கவும் கூடாது, படுக்க வைக்க வேண்டும். கார்க் காய்ந்தால் காற்று உள்ளே போய்விடும். இருபது வருஷம் பொறுமையாக இருந்த ஒயினை ஒரு போலீஸ் ஸ்டேஷன் ஜன்னல் ஒரே மத்தியானத்தில் கொன்றுவிடும்.

நன்றி. இப்போது பேசலாம்.

லூயிஸும் நானும் ஒரே கம்பெனி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, மீன், கறி ஏற்றும் வேலை. அறுபத்தொன்பதில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்தது. அதன் சாப்பாட்டுப் பொறுப்பாளர், ஸ்டூவர்டு, எறா என்றால் உயிரை விடுவார். காசிமேட்டில் விடிகாலையில் பொறுக்கியெடுத்த பெரிய எறாவை, கப்பல் நின்ற நாலு நாளும் நானே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பல் கிளம்பும்போது ஆறு பாட்டில் தந்தார். போர்தோ ஊர்ச் சிவப்பு ஒயின், ஐம்பத்து மூன்றாம் வருஷத்தது. ஷாத்தோ மர்லாக் என்ற தோட்டத்தது. பேர்போன தோட்டமில்லை, பணக்காரர்கள் சீண்ட மாட்டார்கள், அதனால்தான் தன்னைப் போன்றவனுக்குக் கிடைக்கிறது என்றார். இருட்டில், குளிர்ச்சியில் படுக்க வை, அவசரப்படாதே என்றார்.

ராயபுரத்தில் எங்கே ஐயா குளிர்ச்சி? மதுவிலக்கு வேறு. திருவொற்றியூரில் மூடிக் கிடக்கும் தோல் கிடங்குக் கிணறு ஞாபகம் வந்தது. இருபதடி ஆழத்தில், தண்ணீருக்கு மேலே, சுவரில் ஒரு மாடம். அதில் மணல் கொட்டி ஆறையும் படுக்க வைத்தோம். கிணற்று வாயைப் பலகையால் மூடினோம்.

வருஷத்துக்கு ஒன்று. ஜூன் இருபத்தொன்பது, எங்கள் கோயில் இராயப்பர் திருநாளில். இரண்டு பேர் மட்டும்.

மூடிய கிணற்றில் கெட்ட காற்று தங்கும். அதனால் இறங்குவதற்கு முன்னால் பால்பவுடர் டப்பாவில் மெழுகுவத்தியை நிறுத்தி, கயிற்றில் கட்டி இறக்கி, நூறு எண்ணுவோம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் வேப்பங்கிளையைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். எழுபதில் ஒருமுறை அணைந்தது. அரை நாள் கிளை இழுத்தேன். எனக்குக் கால் சரியில்லை. ஆகவே மெழுகுவத்தி என் வேலை, இறங்குவது அவன் வேலை. அவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். நான் சொன்னால் இறங்குவான்.

மேலே வந்தபின்பும் அதே மெழுகுவத்திதான். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு மெதுவாக ஊற்றினால், வண்டல் எங்கே வருகிறது என்று தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதுவும் நான்தான். முதல் பாட்டிலைக் குடித்தபோது லூயிஸ் சொன்னான்: "மாமு, இன்னாடா இது, நம்ம கோயிலு சாமியார் பீரோ மாதிரி வாசன அடிக்குது. உள்ள சுருட்டு வேற கீது!" சரியாகத்தான் சொன்னான். நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். மழை பட்ட செம்மண், காய்ந்த அத்திப்பழம், கடைசியில் சுருட்டுப் பெட்டி. என் நாக்கு தப்பாது.

நாலு வருஷம், நாலு பாட்டில். இரண்டு மிச்சம்.

இந்தப் பிப்ரவரியில் பெரம்பூரில் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் ஆலிஸ். அப்பா அருள்நாதன் ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர். நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். மேஜை நடுவில் மர்லாக் பாட்டில். திறந்து, பாதி காலி. மாமனார் தன் தம்ளரில் சோடா ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. ஒரு வாய். செம்மண், அத்திப்பழம், சுருட்டு. சோடாவையும் மீறித் தெரிந்தது.

"இது நம்ம தோஸ்து ஆசீர்வாதம்," என்றான் லூயிஸ். "பாட்டிலுக்கு மெழுகுவத்தி புடிக்கிறவன்."

"கோயில்ல அதுக்குப் பொடிப்பசங்கள இல்ல வெச்சிருக்காங்க?" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள்.

"மர்லாக்கா?" என்று கேட்டேன்.

"பின்ன? உனுக்குத் தெரியாததா மாமு?" என்று கண்ணடித்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். குடித்ததைக்கூட மன்னிக்கலாம், சோடாவையும் மன்னிக்கலாம். ஆனால் தனியாகக் கிணற்றில் இறங்க முடியாது. யாரோ மேலே நின்று நூறு எண்ணியிருக்கிறான். பெண்ணின் அண்ணன் ஜார்ஜாக இருக்கும். என் கயிறு, என் டப்பா. அதை இன்னொருவன் கையில் கொடுத்திருக்கிறான். நாலு மாதம் அவனோடு சிரித்துப் பேசினேன். ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், அவனைப் பொய்யனாக்க எனக்கு விருப்பமில்லை.

திருநாளன்று காலை அவனே வந்தான். கிணற்றடியில் லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டே, "உன்னாண்ட ஒரு மேட்டர் சொல்லணும் மாமு. வுழுந்து வுழுந்து சிரிப்ப. மேல வந்து சொல்றேன்," என்றான்.

டப்பாவை இறக்கினேன். பதினைந்து அடியில் சுடர் குறுகி, நீலமாகி, அணைந்தது. நான் பன்னிரண்டுதான் எண்ணியிருந்தேன். அவன் முதுகு காட்டி நின்றிருந்தான். மேலே இழுத்து, பற்றவைத்து, கிணற்று விளிம்பில் வைத்தேன்.

"இன்னா மாமு, எரியுதா?"

திரும்பிப் பார்த்தான். எரிந்துகொண்டிருந்தது.

"எரியுதுடா. எறங்கு."

பாதியில் ஒருமுறை "மாமு" என்றான். பிறகு தண்ணீர்ச் சத்தம். நான் நூறு எண்ணினேன். வழக்கத்தை விடக் கூடாது. அப்புறம் தெருவுக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் விபத்து என்றுதான் எழுதினீர்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். இன்று கையெழுத்துப் போட வந்தபோதுதான் ஜன்னலில் இந்தப் பாட்டில்களைப் பார்த்தேன். தீயணைப்புக்காரர்கள் மாடத்திலிருந்து எடுத்ததாகச் சொல்கிறீர்கள். ஒன்றுதானே இருக்க வேண்டும்? இரண்டு எப்படி?

ஆலிஸ் சொன்னதையும் சொன்னீர்கள். நிச்சயதார்த்தத்தில் ஊற்றியது அவள் அம்மா கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயினாம். மாமனாரிடம் பந்தா காட்ட, நாங்கள் குடித்து முடித்த பழைய மர்லாக் பாட்டிலில் ஊற்றி வைத்தானாம். "மாமுவே ஏமாந்துட்டான், திருநாளன்னிக்குச் சொல்லி அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தானாம்.

பாவம், பெண் துக்கத்தில் ஏதோ பேசுகிறாள். நான் குடித்தவன், ஐயா. அது மர்லாக். ஆகவே இந்த இரண்டில் ஒன்று போலி. சீல் உடையவில்லை என்கிறீர்கள். சீலைப் பார்த்து ஒயினைச் சொல்ல முடியாது. திறங்கள். ஒன்றில் ஒரு வாய், மற்றதில் ஒரு வாய். எது போலி என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு மெழுகுவத்தி மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். வேறு யாரும் பிடிக்க வேண்டாம்.