பச்சைக்கு வேண்டிய மின்சாரம்

எனக்கு மோதிரம் போடும் பழக்கம் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஹொலப். அமிலத்தோடு புழங்குகிறவனுக்கு அது சரிப்படாது. கல்யாண மோதிரமே மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

உலோகத்தை மின்சாரத்தால் கரைத்துக் கண்ணுக்கே தெரியாத நுனியுள்ள ஊசி செய்வது என் ஆராய்ச்சி. அதற்குப் பணம் தரும் அரசாங்கம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏதாவது சொல்லிக்கொடு என்கிறது. மற்ற பேராசிரியர்கள் ஒப்புக்குச் செய்வார்கள். நான் அப்படியில்லை. இந்த நெப்ராஸ்காவின் சோளப் பண்ணைகளிலிருந்து சனிக்கிழமைதோறும் சிறுமிகள் என் ஆய்வகத்துக்கு வந்தார்கள். டைட்டானிய மோதிரத்தைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி மின்சாரம் விட்டால் நிறம் ஏறும். நீலத்துக்குக் கொஞ்சம் போதும். பச்சைக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் வேண்டும். மின்பெட்டியின் குமிழைப் பிள்ளைகளே திருப்புவார்கள். மோதிரத்தை என் ஆராய்ச்சி மாணவி பிரென்னா தண்ணீருக்குள் பிடித்துக்கொள்வாள்.

பிரென்னா கெட்டிக்காரி. அதுதான் தொல்லை. என் கட்டுரைகளில் இருந்ததெல்லாம் ஒரே ஊசியின் படங்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். மற்ற ஊசிகள் எதுவும் சரியாக வரவேயில்லை.

"திங்கக்கிழமை ஜர்னலுக்கு எழுதிடுவேன், ப்ரொஃபசர். நீங்களே முந்திக்கிட்டா எனக்கு நிம்மதி."

"சனிக்கிழமை பிள்ளைங்க வர்றாங்க. அது முடியட்டும்."

"அதுக்கென்ன, முடியட்டும்."

அவள் எழுதினால் பணம் நிற்கும், சனிக்கிழமை வகுப்பும் நிற்கும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவள் யோசிக்கவேயில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

அந்த ஒரே நல்ல ஊசியால் அவளுடைய ரப்பர் கையுறையைக் குத்தினேன். ஓட்டை தெரியவில்லை. மின்சாரம் அளவு மீறாமல் தடுக்கும் காப்பையும் மின்பெட்டியிலிருந்து கழற்றினேன். நீலம் கேட்டால் ஒன்றும் ஆகாது. எந்தப் பிள்ளை எந்த நிறம் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

"எனக்குப் பச்சை," என்றாள் மேரன். பத்து வயது இருக்கும்.

"பச்சையா? தவளையக் கட்டிக்கப் போறியா?" பிரென்னா சிரித்தாள். "சரி, கடைசி வரைக்கும் திருப்புடி."

மேரன் திருப்பினாள். பிரென்னா விழுந்தபோது சில பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மேரன் இப்போது யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். நானாக இங்கே வந்தது அதற்காகத்தான். அவள்மேல் தப்பில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். கண்ணில் படுவதைத்தான் பிள்ளைகள் கேட்பார்கள். இத்தனை வருடம் பாடம் நடத்தியவனுக்கு அதுகூடத் தெரியாதா?

அந்தச் சனிக்கிழமை மட்டும் ஒரு மோதிரம் போட்டிருந்தேன். பச்சை. வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையோடும் கைகுலுக்கினேன்.