பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிறார்கள்

யுத்த காலத்தில் ஒருநாள், வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"பக்கத்து வீட்டில சுவர் இடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியுது" என்றாள் அக்கா.

"சத்தத்துக்கு ஏனக்கா வயிறு எரியுது?"

"தகப்பன்ர வீட்டை அண்ணன் தம்பி மூண்டு பேரும் தனித்தனி பிளட் வீடாப் பிரிச்சு இருந்தவை, இப்ப திரும்ப ஒண்டாக்கினம். வீட்டு உறுதிப் பத்திரமும் மூண்டு சகோதரங்களின்ர பேரில ஒண்டாத்தானாம். ஒரே குசினி, ஒரே சமையல். மூத்தவன்ர மனுசி வாசலில நிண்டு பெருமையாச் சொல்லுறா."

"அண்டைக்கு ராத்திரி பொலிஸ் நடுவிலானைக் கொண்டுபோனது மற்ற ரெண்டு பேருக்கும் விடியத்தானே தெரியும். அவன் திரும்பி வந்த பிறகுதான் இடிக்கத் தொடங்கினவை."

"எங்கட வீடும் அப்பா கட்டினதுதான். உனக்கு மேல், எனக்குக் கீழ். கடல் முழுக்க உனக்கு. எனக்குத் தெரியிறது றோட்டுச் சாக்கடைக் கான்."

தங்கை அக்கா பக்கம் குனிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கீழ பொலிஸ் வந்து உங்களைக் கொண்டுபோனாலும் எனக்குத் தெரியாது அக்கா. உள்ளுக்கு ஒரு படிக்கட்டு வைச்சு நாங்களும் ஒண்டாக்குவம்."

பம்பலப்பிட்டியில் சோதனைக்காக எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்ததும் அக்கா வாய் திறந்தாள்.

"கடல் பக்கத்து அறை எனக்கு. சம்மதமெண்டால் படி கட்ட நாளைக்கே மேசனை வரச் சொல்லு."