எண்ணெயில் ஊறாத தகடு

ஆனேக்கல்லிலிருந்து மார்க்கெட்டுக்கு வந்த பேருந்தில் நான் மனத்துக்குள் பதிகம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னிருக்கையில், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை ஜோகுபாளையத்துக்குத் திரும்ப அழைத்துச் செல்லும் இளம் மெக்கானிக் ஒருவன் இருந்தான். வழியெல்லாம் வாய் திறவாதவன் திடீரென்று, "காஞ்ச தகட்டை அப்படியே மாட்டிட்டேன், கமலா. கருகிப்போச்சு" என்றான்.

என் பதிகம் நின்றுவிட்டது.

"எந்தத் தகடு?" என்றாள் அவன் பக்கத்திலிருந்த மனைவி.

"தானா கியர் மாறுற அமெரிக்கா கார்ல. இரும்புத் தகடும் உராய்வுத் தகடும் மாத்தி மாத்தி அடுக்கியிருக்கும். எண்ணெய் அழுத்தினா ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுச் சேர்ந்து சுத்தும். புதுத் தகட்டை எண்ணெயில நல்லா ஊறவெச்சுத்தான் மாட்டணும். நான் அவசரப்பட்டுட்டேன்."

"உளுந்தே ஊறணும். இது தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல. உன்னையும் தாலி கட்டின கையோட எங்கம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்கு ஓடிட்டேன்ல."

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இப்ப மட்டும் என்னாவாம்? நேரா அங்க போய் நின்னா மறுபடி கருகத்தான் போறேன்."

பொம்மனஹள்ளி வந்ததும் அவன் எழுந்து, "நிறுத்துங்க, இறங்கணும்" என்றான்.

"மார்க்கெட்டுக்கு டிக்கெட் வாங்கிட்டு இங்க இறங்குறியேப்பா!" என்றார் நடத்துநர்.

"எங்கக்கா வீடு இங்கதாண்ணே. ரெண்டு நாள் இருந்துட்டு அப்புறம் வீட்டுக்குப் போறோம்."

"எனக்கு நாலு நாளாகும்" என்றாள் அவள். அதுவரை மடியில் இறுக்கி வைத்திருந்த துணிமூட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்கு முன்னே இறங்கினாள்.