நோயில்லாதவள் ரத்தம்

— மெதுவாக் குத்துக்கா. பழி வாங்குற மாதிரி இருக்கு.

— கையை ஆட்டாதடி. ஒரே ஒரு குழாய்தான்.

— போன வாரம்தானே எடுத்தே? உங்க ஆராய்ச்சிக்கு ஊர்ல வேற நோயாளியே இல்லையா?

— ஒரு சந்தேகம். சரி விடு.

— என் ரத்தத்துல அப்படி என்னதான் தேடுறே?

— ஆர்.என்.ஏ துணுக்கு. பொடிப்பொடியா இருக்கும். எந்த மரபணு வேலை செய்யணும், எது வாயை மூடணும்னு அதட்டும். கர்ப்பப்பைக்குள்ள இருக்கவேண்டிய சதை உனக்கு வெளியில ஒட்டி வளருதே, அந்த வியாதியில இதுல சிலது கூடுது, சிலது குறையுது.

— அதட்டுமா? அப்போ உன்னைப் போல. பாத்தியா, மாசாமாசம் நான் சுருண்டு கிடந்தேன், நீ ஜம்முனு பரீட்சைக்குப் போனே. இப்ப என் வலியை வெச்சே பேரும் வாங்குறே. வயிறு எரியுதுக்கா.

— உனக்கா எரியுது? அம்மா உன் தலைமாட்டை விட்டு நகந்தாங்களா? வெந்நீர்ப் பை உனக்கு, கால் பிடிச்சுவிட ஆள் உனக்கு. நான் உள்ளே வந்தா, "சத்தம் போடாதே, தங்கச்சி தூங்குறா".

— வலிச்சவளுக்குத்தானே பை?

— ஆமா. வலிச்சவளுக்குத்தான்.

— பாத்தியா, மூஞ்சி தொங்கிப்போச்சு. சோதனை ஊத்திக்கிச்சா?

— நோயாளிங்க ரத்தம் ஒரு வரிசை, நோயில்லாதவங்க ரத்தம் ஒரு வரிசை. நோயில்லாத வரிசையில ஒண்ணு மட்டும் அச்சு அசல் உன்னோடது மாதிரி இருக்கு.

— குழாயை மாத்தி வெச்சிருப்பே.

— அப்படித்தான் நெனச்சேன். நேத்து அவ ரத்தத்தைப் புதுசா எடுத்துப் பார்த்தேன், அதேதான். உன்னோடதையும் இன்னொருதடவை பார்த்துட்டா மனசு ஆறும்.

— ஐயோ பாவம்! வலிச்சிருக்குமே, வாயத் தொறந்து சொல்லலையா அவ?

— அவ வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி கத்திட்டிருந்தா. எல்லாப் பொண்ணுங்களுக்கும் இப்படித்தான் போலன்னு மாத்திரையை முழுங்கிட்டுப் பரீட்சைக்குப் போயிட்டா.

— பரீட்சைக்கா? ...அக்கா?

— நோயில்லாத வரிசைக்கு ஒரு ரத்தம் குறைஞ்சுதுடி. குறைஞ்சா எங்க லேப்ல நாங்களே கையை நீட்டிடுவோம்.

— அக்கா...

— அழாதே, ஊசி நகரும். இதை வெச்சு மட்டும் முடிவு கட்ட முடியாது. என் வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

— அம்மாகிட்ட சொன்னியா?

— சொன்னேன். "தங்கச்சிக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதுலயும் உனக்குப் பங்கு வேணுமாடி?"ன்னாங்க.