தேய்த்து வைத்த துத்தநாகத் தகடு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆய்வக உதவியாளன் நான். என்ன பேசுவது? "அண்ணே, நாளைக்குத் துத்தநாகத் தகடு வேணும். உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சு வைங்க" என்று நேற்று மாலை சொல்லிவிட்டுப் போன நம் இயற்பியல் டீச்சரம்மா, விடியுமுன் மூச்சு நின்று இறந்து போனாராம். தகடு என் கையில் இருக்கிறது. கேட்டவர் எங்கே?

ஒளிக்கு அவர் ஒதுக்கும் வாரம் உங்களுக்குத் தெரியும். ஒளி என்றால் என்ன என்று நாளுக்கொரு காலத்துக் கொள்கையைச் சொல்வார். அன்றைக்கு அதற்காகவே மல்லுக்கட்டுவார். முதல் நாள், கண்ணிலிருந்துதான் ஒளி புறப்படுகிறது என்றார்.

"அப்போ இருட்டுல ஏன் டீச்சர் எதுவும் தெரியல?"

"அதை நாளைக்குக் கேளு. இன்னைக்கு நான் பழங்காலத்து ஆளு."

மறுநாள் ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் பொடிப்பொடித் துகளானது. சுவரில் கோலிக்குண்டு எறிந்து காட்டினார். நேற்று அலையானது. இரண்டு கீறல் வழியே விளக்கைப் பாய்ச்சினார். திரையில் வெளிச்சமும் இருட்டும் பட்டை பட்டையாக விழுந்தன. "கோலி இப்படி விழுமா?" என்றார்.

"நேத்து நீங்கதானே டீச்சர் கோலின்னீங்க?" என்று ஒரு பையன் மடக்கினான்.

"நேத்து சொன்னவளைப் போய்க் கேளு."

வகுப்பே சிரித்தது. இன்று யாரைப் போய்க் கேட்பது?

காலையில் ஆசிரியர் அறையில், "பரீட்சை வருது, அலையோட நிறுத்திக்கலாம்" என்று ஒரு குரல் கேட்டது. குறை சொல்லவில்லை, இடி விழுந்த வீட்டில் யாருக்கு என்ன ஓடும்? ஆனால், அந்த அம்மா எந்த ஆண்டாவது பாதியில் விட்டதுண்டா? அலை மட்டும் போதாது என்று காட்டத்தான் இந்தத் தகடு. தகட்டில் மின்னூட்டம் ஏற்றுவார். எவ்வளவு பெரிய மஞ்சள் விளக்கைக் காட்டினாலும் அந்த மின்னூட்டம் அசையாது. சின்னப் புற ஊதா விளக்கு பட்டதும் இறங்கி ஓடிவிடும். "வெறும் அலைன்னா பெரிய விளக்குதானே ஜெயிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நிமிடம் கிடைக்காமலே போய்விடுமா?

மேடையில் இருக்கும் இளைய ஆசிரியை அம்மா, நீங்கள் அவரிடமே படித்தவர். தேய்த்த துத்தநாகம் காற்றுப் பட்டால் மங்கிவிடும். நம் அழுகை அடங்கும்வரை காத்திருக்காது. நாளை முதல் மணிக்கு இருட்டறையைத் திறந்து, தகட்டை மறுபடி தேய்த்து வைத்திருப்பேன். என் கை ஓடும்வரை ஆண்டுதோறும் வைப்பேன். இது அவருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் வாருங்கள். முதலில் மஞ்சள் விளக்கு, அம்மா. மறந்துவிடாதீர்கள்.