கேளாமடை

ரயிலுன்னு ஒண்ணு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம்யா அது. கரிசக்காட்டுல புளியூரணின்னு ஒரு ஊரு. அங்க சிவனணைஞ்சான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துல ஏழு தலமொறைக்கு முந்தினவ. புருசன் செத்த பெறகு பருத்தி யாவாரத்த ஒத்தையில நடத்தினவ. வீட்டுக்குப் பின்னால எட்டுக் குழி வெட்டி, எட்டுலயும் சோளத்தக் கொட்டி மூடி வச்சிருந்தாளாம்.

மூணு வருசம் மழையே இல்ல. முத வருசம் சனங்க பொறுத்தாக. ரெண்டாம் வருசம் மாட்ட வித்தாக. மூணாம் வருசம் விக்க மாடும் இல்ல.

சிவனணைஞ்சா ஒரு குழியத் தெறந்து வாசல்ல சோளம் போட்டா. ஆனா சும்மா போடல. ஒவ்வொருத்தரா முன்னால வந்து நிக்கணும். வீட்டுல எத்தன பேரு, நேத்து என்ன தின்னீங்க, குடுத்தா என்ன பண்ணுவீங்கன்னு அவ கொழுந்தன் பெத்தண்ணன் கேப்பாராம். பதில் சொன்னாத்தான் சோளம்.

ஓடக்கரைப்பட்டி மாடத்தி ஒரு நா வந்தா. விடிய நடக்கத் தொடங்கி உச்சி வெயில்ல வந்து சேந்தவ.

"வீட்டுல எத்தன பேரு?"

"நேத்து வர நாலு. இன்னைக்கு மூணு."

"அந்த ஒண்ணு எங்க போச்சு?"

மாடத்தி ஓலப்பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரும்பி நடந்துட்டாளாம்.

சிவனணைஞ்சா ஓடிப் போயி மறிச்சா. "ஏ தாயி, சோளம் வாங்காமப் போறியே?"

"நேத்து எம்புள்ளய மண்ணுல வச்சேன் ஆத்தா. அதையும் வாசல்ல நின்னு சொன்னாத்தான் ஒரு படி சோளமா? அந்தச் சோளம் எனக்கு வேண்டாம்."

சிவனணைஞ்சாளுக்கு மூஞ்சி செத்துப் போச்சாம். பெறகு சொன்னா: "உங்க ஊரு சனத்தக் கூட்டிக்கிட்டு வா. நாலு குழிய அள்ளிக்கிட்டுப் போங்க. உங்க ஊருக்கு என்ன வேணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வந்தாக. மாடில்லாத வண்டிய மனுசரே இழுத்துக்கிட்டு வந்தாக. பெத்தண்ணன் குதியா குதிச்சாராம்.

"மதினி, ஒரு சத்தியமாச்சும் வாங்குங்க!"

"வேண்டாம்."

"ஏமாத்திட்டா?"

"ஏமாந்தது நானாத்தான இருப்பேன் கொழுந்தனாரே? இருந்துட்டுப் போறேன்."

ஒரு மாசம் போச்சு. பெத்தண்ணன் தலவிரிகோலமா ஓடி வந்தாரு. "மதினி! தின்னக் குடுத்த சோளம் வண்டி வண்டியா மலப்பக்கம் போகுது! யாவாரம் பண்றாளுக! வாங்க, கையும் களவுமாப் பிடிப்போம்!"

அவகிட்ட மிச்சம் இருந்ததே மூணு குழி. ஆனா வாசப்படியத் தாண்டல. "குடுத்தாச்சு. குடுத்த பெறகு அது அவுக சோளம்"னுட்டா.

நடந்தது என்னன்னா, ஓடக்கரைப்பட்டிக் கம்மாயில மடை இடிஞ்சு வருசக் கணக்காச்சு. மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காம ஓடிப் போயிரும். பஞ்சத்துல அங்க கஞ்சி ஊத்த வந்தவுக ஒருத்தரும் அதக் கேட்டதில்ல. சனங்க அர வயித்துக் கஞ்சி குடிச்சிட்டு, மிச்சச் சோளத்த மலையடிவாரத்துக் கல்தச்சருக்குக் கூலியாக் குடுத்தாக. கல்லு வந்துச்சு, மடை எந்திரிச்சுச்சு. பொம்பளைக கரையில மண்ணக் கொட்டிக் கொட்டி மிதிச்சாக. மாடத்தி முன்னால நின்னு மிதிச்சாளாம்.

ஐப்பசியில பிடிச்சுது பாருங்க மழை! எட்டு நா விடல. ஒன்பதாம் நா, நனைஞ்ச சீலையோட மாடத்தி வந்து நிக்கா. "ஆத்தா, வந்து பாருங்க!"

போயிப் பாத்தா, கம்மா கடலாக் கெடக்கு! கரையில ஒரு கீறல் இல்ல. மாடத்தி சிவனணைஞ்சா கையப் பிடிச்சு மடைப் பலகையில வச்சா. ரெண்டு பேருமாத் தூக்கினாக. தண்ணி 'ஹோ'ன்னு பாஞ்சுதாம். பொம்பளைக போட்ட கொலவ அஞ்சு ஊருக்குக் கேட்டுச்சாம். பெத்தண்ணன் கட்டின வேட்டியோட வாய்க்கால்ல குதிச்சு, "மதினி, நாந்தான் முட்டாப்பய!"ன்னு சிரிச்சாராம்.

அந்தத் தையில ஓடக்கரைப்பட்டிக்காரவுக நாலு குழிச் சோளத்தையும் திருப்பிக் கொண்டாந்தாக. சிவனணைஞ்சா தொடல. "இல்லாத ஊருக்குக் குடுங்க. ஆனா நிக்க வச்சுக் கேக்காதீக"ன்னுட்டா.

அன்னையிலருந்து அதுக்குக் கேளாமடைன்னு பேரு. சர்க்கார் கல்லுல வேற ஏதோ நம்பர் போட்டிருக்கான். அத யாரு சொல்றா? தை பொறந்தா, முதக் களத்துச் சோளத்த மடைமேல குவிச்சிட்டு ஊரே முதுகக் காட்டி நிக்கும். வேணுங்கிறவுக வந்து அள்ளிக்கிட்டுப் போகணும். வண்டிச் சத்தம் ஓயிற வர ஒருத்தரும் திரும்பக் கூடாது.

போன தையிலயும் ரெண்டு வண்டி போச்சு. எந்த ஊருன்னு எங்கிட்டக் கேக்காதீகய்யா. நான் தண்ணியப் பாத்துக்கிட்டுல்ல நின்னேன்.